அம்மாவின் முழங்காலும் மூன்று நாள் வாடகைக் காரும்

எங்கள் வீட்டில் கொழும்புக்குப் போவதென்றால் ஒன்று விசாவுக்கு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு. காலையில் இறங்கி, அலுவலை முடித்து, இரவு பஸ்ஸில் திரும்பிவிடுவோம். இந்த ஓகஸ்ட் விடுமுறையில்தான் முதல் தடவையாக, சும்மா ஊர் பார்க்கவென்று 6 நாள் போனோம். நான், இவர், 11 வயது மகன், 6 வயது மகள், 71 வயது அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி, விடிய ஐந்து மணிக்கு பஸ் எங்களை வெள்ளவத்தையில் காலி வீதி ஓரத்தில் இறக்கிவிட்டது. ராமகிருஷ்ணா வீதிக்குக் கிட்ட, கடல் பக்கமாக, இரண்டு அறை வீடு ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

கார் எடுப்பதா வேண்டாமா என்ற கதை அதற்கு இரண்டு கிழமை முன்பே எங்கள் குசினியில் தொடங்கிவிட்டது. நாங்கள் ஐந்து பேர். ஓட்டோவில் மூன்று பேர்தான் போகலாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஓட்டோ பிடித்து, ஒன்றில் நானும் அம்மாவும், மற்றதில் இவரும் பிள்ளைகளும் என்று பிரிந்து போவது இவருக்குப் பிடிக்கவில்லை. அதைவிட அம்மாவின் முழங்கால். இரண்டிலும் தேய்வு. வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசல் வரைக்கும் தனிக் காரில் போனால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதுதான் எங்கள் இருவருடைய எண்ணமும். அம்மாவுக்காகத்தான் கார் எடுத்தோம். அதனால் அம்மாவுக்கு அது உதவியதா என்று பார்ப்பதுதான் நியாயம்.

கொழும்பில் ஒரு கடையில் எடுத்தோம். பெயரை எழுதவில்லை. அங்கே எங்களுக்குக் கிடைத்தது நல்லதும் கெட்டதும் கலந்த அனுபவம். வகன் ஆர் ஹைபிரிட், ஒரு நாளைக்கு 8,000 ரூபா, முற்பணம் 30,000. இவருடைய சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, கொழும்பில் இருக்கும் ஒருவரின் கையெழுத்து, இவ்வளவும் கேட்டார்கள். என் சித்தியின் மகன் வந்து கையெழுத்து வைத்தான். 6 நாளுக்கு எடுப்பதாகத்தான் முதலில் இருந்தது. முற்பணத்தையும் சேர்த்துப் பார்த்தபோது கை நடுங்கி, 3 நாளுக்குக் குறைத்தோம். அந்தக் குறைப்பை நினைத்து இப்போதும் சந்தோஷப்படுகிறேன்.

காரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரமான கார் என்பதால் அம்மா குனியாமல், காலை மடிக்காமல், கதிரையில் இருப்பதுபோல முன் ஆசனத்தில் இருந்தார். குளிரூட்டி நன்றாக வேலை செய்தது. முழங்கால் நோ உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் காரின் அழகைப் பார்க்காமல் ஆசனத்தின் உயரத்தைப் பார்த்து எடுங்கள். தாழ்வான காரில் இருந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு வேதனை.

முதல் நாளே செட்டியார் தெருவுக்குப் போனோம். அது அம்மாவின் ஆசை. அம்மாவின் அப்பா அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். அம்மா வளர்ந்தது வெள்ளவத்தையில். ஆடிவேல் திருவிழா நாட்களில் செட்டியார் தெருவில் இருந்து புறப்படும் வேல், காலி வீதியால் வரும்போது தகப்பனின் தோளில் இருந்து பார்த்த கதையை எங்களுக்குச் சின்ன வயதில் இருந்தே சொல்லியிருக்கிறார். 1983 ஜூலைக்குப் பிறகு, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியதோடு அந்தக் கொழும்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து தடவை கொழும்புக்கு வந்திருப்பார். எல்லாம் ஆஸ்பத்திரியோடும் விசாக் கந்தோரோடும் சரி. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில் வாசலில் ஆறுதலாக நின்று கும்பிட வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

செட்டியார் தெரு இருக்கும் புறக்கோட்டையைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது விளங்கும். நகைக் கடைகள் இரண்டு பக்கமும், நடுவில் லொறி, லொறிக்கும் கடைக்கும் இடையில் மூட்டை தள்ளும் நாட்டாமிகள், அவர்களுக்கு இடையில் ஓட்டோ. இவர் ஊரில் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறவர். ஓட்டத் தெரியாத பிரச்சினை இல்லை. நிறுத்த இடமில்லை. கோயிலுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று அம்மாவை இறக்கலாம் என்றால் அம்மா இறங்க இரண்டு நிமிடம் வேண்டும். கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, கைப்பிடியைப் பிடித்து, மற்றக் காலை எடுப்பதற்குள் பின்னால் வந்த லொறி ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி நின்றது. அம்மா பயந்துபோய்க் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இவர் அப்படியே முன்னுக்கு எடுத்தார். இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினோம். கடைசியில் கோட்டைப் பக்கம் கட்டணத் தரிப்பிடம் ஒன்றில் விட்டுவிட்டு நடந்தோம்.

எனக்கும் பிள்ளைகளுக்கும் அது ஒரு தூரமே இல்லை. அம்மா மூன்று இடத்தில் நின்றார். இரண்டாவது இடத்தில், ஒரு புடவைக் கடைத் தம்பி நாங்கள் கேட்காமலே உள்ளே போய் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் ஸ்டூலைக் கொண்டுவந்து நடைபாதையில் வைத்து, "இருங்கோ அம்மா, ஆறுதலாப் போகலாம்" என்றான். அம்மா இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம் பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா நடக்கக் கூடாது என்று 8,000 ரூபா கொடுத்து எடுத்த கார், எங்கோ நிழலில் நின்றது. அம்மா வெயிலில் நடந்துகொண்டிருந்தார்.

கோயில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அம்மா கும்பிட்டார். ஆனால் திரும்பவும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற யோசனையோடுதான் கும்பிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. திரும்பும்போது அம்மாவையும் மகளையும் ஒரு ஓட்டோவில் ஏற்றி, காருக்குக் கிட்டக் கொண்டுபோய் இறக்கினேன். வாடகைக் காரிடம் போக ஓட்டோ பிடித்தோம்.

அன்று பின்னேரம் காலி வீதியில் இன்னொரு பாடம். பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் காலி வீதி கோட்டைப் பக்கம் மட்டும்தான் ஓடும். திரும்புவதென்றால் டூப்ளிகேஷன் வீதியால்தான் வர வேண்டும். மகனுக்குச் சப்பாத்து வாங்கவென்று ஒரு கடையைத் தேடி வந்து, இவர் வலது பக்கத் தடத்தில் நின்றதால் கடையைத் தாண்டிவிட்டோம். போன் வரைபடம் கடை பின்னால் இருநூறு மீற்றரில் இருக்கிறது என்கிறது. இருநூறு மீற்றர் பின்னால் போக, முன்னால் கொள்ளுப்பிட்டி வரை போய், டூப்ளிகேஷன் வீதியால் கீழே இறங்கி, குறுக்கு வீதியால் மறுபடி காலி வீதிக்கு ஏற வேண்டும். கந்தோர் விடும் நேரம். 35 நிமிடம் எடுத்தது. கொழும்பில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இது கைவந்த வழி. எந்தச் சந்தியில் எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு முதலே தெரியும். ஒரு கிழமைக்கு வருகிறவருக்கு அது தெரியப் பழகும்போது விடுமுறை முடிந்துவிடும். இவர் அந்த மூன்று நாளில் கடலைப் பார்க்கவில்லை. மரைன் டிரைவால் எத்தனையோ தடவை போனோம், பிள்ளைகள் "அப்பா, ரெயின்! அப்பா, கப்பல்!" என்று கத்துவார்கள், இவர் முன்னால் போகும் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவில் காரை எங்கே விடுவது என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்து யோசிக்கிறவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. எங்களுக்கு வீட்டு முற்றம் இருக்கிறது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரு காரின் அகலத்துக்கு இடம் என்றால் அது யாரோ ஒருவருடைய இடம். நாங்கள் எடுத்த வீட்டுக்குத் தரிப்பிடம் இல்லை. வீட்டுக்காரர் மதிலோடு ஒட்டி விடச் சொன்னார். விடிய 5.40க்கு அழைப்பு மணி. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலைக்குப் போகக் கேற்றுக்கு முன்னால் கொஞ்சம் இடம் போதவில்லை. மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் விடுமுறையில் வந்த மனிதர் 5.40க்கு எழும்பிச் சாரத்தோடு போய்க் கார் எடுத்தார். வீடு பேசும்போதே வாகனம் விட இடம் இருக்கிறதா, அது கேற்றுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் பரவாயில்லை. நூதனசாலை, விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம் எல்லாம் கறுவாத்தோட்டப் பக்கம். அங்கே வீதிகள் அகலம், மர நிழல், காரை விடவும் இடம் கிடைத்தது. 1877இல் திறந்த நூதனசாலையின் வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து மகள் "இது ஆருடைய வீடு?" என்று கேட்டாள். அன்று பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனதோடு பழையபடி சுற்றத் தொடங்கினோம். சனிக்கிழமை. காற்றாடியும் இறால் வடையும் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு முன்னால், இடம் கிடைக்காமல் நாங்கள் காருக்குள். கடைசியில் இவர் எங்களை இறக்கிவிட்டுத் தனியாகப் போய்க் காரை விட்டு வந்தபோது சூரியன் போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் கார் தன் விலையைக் காட்டியது. சிலாபத்துக்குக் கிட்ட இருக்கும் முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போனோம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, மரைன் டிரைவால் கோட்டை, பேலியகொடை, அங்கிருந்து 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை. அதில் ஏறியதும் இவருடைய தோள் இறங்கியதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். இரண்டு நாளாகக் காதுவரை தூக்கி வைத்திருந்த தோள். கட்டுநாயக்கத்துக்குப் பிறகு புத்தளம் வீதி, இரண்டு பக்கமும் தென்னந்தோட்டம். அம்மா கேட்ட இடத்தில் நிறுத்தினோம், செவ்விளநீர் குடித்தோம், மகளுக்குத் தலைசுற்றியபோது ஒரு மர நிழலில் கால் மணித்தியாலம் நின்றோம். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. முன்னேஸ்வரத்தில் காரில் இருந்து இறங்கிய அம்மாவுக்குக் கோயிலுக்கு நடக்க முப்பது நாற்பது அடிதான் இருந்தது. பூசை முடியும்வரை இருந்தார். திரும்பும் வழியில் முன் ஆசனத்தைச் சாய்த்து நித்திரையானார். அந்த ஒரு நாளுக்காக மட்டும் யாராவது கேட்டால், எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிறகு காரைத் திருப்பிக் கொடுக்கும் இரவு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்குப் பயன்படும்.

கடைப் பொடியன் ஒருவன் ரோச் லைற்றோடு வந்து காரைச் சுற்றினான். இடது பக்கப் பின் பம்பரில் குனிந்து, விரலால் தடவி, "இது புதுக் கீறல்" என்றான். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. நல்ல காலமாக, எடுத்த அன்று நான் போனில் காரைச் சுற்றி வீடியோ எடுத்திருந்தேன். மகளை விளையாட்டுக் காட்டுவதற்காகக் கீறல்களை எண்ணச் சொல்லியிருந்தேன். அந்த வீடியோவை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். மகளின் குரல்: "ஒண்டு... ரெண்டு... அம்மா, இஞ்ச மூண்டு, நீளக் கீறல்." அந்த மூன்றாவதுதான் அவன் விரல் வைத்திருந்த இடம். அதே கீறல், அதே நீளம். அவன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனான். பகல் வெளிச்சத்தில், நான்கு பக்கமும், சில்லுகள், கண்ணாடி, உள்ளே ஆசனம், பெற்றோல் முள், ஓடிய கிலோமீற்றர் எண் எல்லாம் தெரிய வீடியோ எடுக்காமல் எந்த வாடகைக் காரையும் தொடாதீர்கள்.

கீறலில் தப்பினோம், கிலோமீற்றரில் மாட்டினோம். ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர் என்பது ஒப்பந்தம். "மூண்டு நாளுக்கு 300 தானே, சேர்த்து ஓடலாம்" என்று எடுக்கும்போது வாயால் சொன்னார்கள். நாங்கள் மூன்று நாளிலும் ஓடியது மொத்தம் 239. கணக்குப் பார்த்தவரோ முன்னேஸ்வரம் போன நாளை மட்டும் தனியாக எடுத்து, அன்று 180 ஓடியிருக்கிறீர்கள், 80 கூடுதல், கிலோமீற்றருக்கு 50 ரூபாப்படி 4,000 என்றார். முதல் இரண்டு நாளும் மிச்சம் வைத்த கிலோமீற்றர் எங்கே போனது என்று கேட்டேன். ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தில் "ஒரு நாளைக்கு" என்ற இடத்தைக் காட்டினார். எழுதியிருந்தது அதுதான். நான் அதை வாசித்துத்தான் கையெழுத்துக்கு விட்டேன், ஆனால் வாயால் சொன்னதை நம்பினேன். முற்பணத்தில் 4,000 கழித்து மிச்சம் தந்தார்கள். சொன்னவரும் அங்கேதான் நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு நோவது அந்த 4,000 இல்லை. வாயால் சொல்லும் எதையும், அதே இடத்தில், அந்தத் தாளிலேயே கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் அந்த வார்த்தைக்கு அங்கே விலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

செலவு: வாடகை 24,000, பெற்றோல் 4,600, கூடுதல் கிலோமீற்றர் 4,000, தரிப்பிடமும் அதிவேகப் பாதையும் 1,900. மொத்தம் 34,500. அதற்கடுத்த மூன்று நாளும் கார் இல்லாமல் ஓட்டோ, பிக்மி என்ற போன் செயலியில் பிடித்த கார், ரெயின் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 11,000 தாண்டவில்லை. முன்னேஸ்வரப் பயணத்தையும் சாரதியோடு ஒரு வான் பிடித்துப் போயிருந்தால் என்ன வரும் என்று பிறகு விசாரித்தேன், 22,000 கேட்டார்கள். ஆகவே வெளியூருக்குப் போகும் ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுத்து, நகரத்துக்குள் எடுக்காமல் விடுவதுதான் கணக்குக்கும் சரி, உடம்புக்கும் சரி.

கார் இல்லாத மூன்று நாளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெள்ளவத்தை ஸ்டேஷன் எங்கள் வீட்டில் இருந்து நடக்கும் தூரம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்தான். அங்கிருந்து ரெயினில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை. வழியில் அலை பாறையில் அடிக்கும்போது ஜன்னலோரம் இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்று முகத்தில் வரும். இவரும் பிள்ளைகளும் அதில் மூன்று தடவை போனார்கள், அதில் ஒரு தடவை எங்கேயும் போவதற்கில்லை, போய்த் திரும்பி வரவே போனார்கள். கொழும்பில் எது பிடித்தது என்று இப்போது மகனைக் கேட்டால் தாமரைக் கோபுரத்தைச் சொல்ல மாட்டான், அந்த ரெயினைச் சொல்வான். இவர் கடலைப் பார்த்ததும் அதில்தான்.

ஆனால் அம்மாவுக்கு ரெயின் சரிவராது. பெட்டியின் படி உயரம், மேடைக்கும் படிக்கும் இடையில் வெளி. முதியவர்களோடு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே நானும் அம்மாவும் ஓட்டோ. பிரிந்து போக வேண்டி வருமே என்று ஊரில் இருந்து கவலைப்பட்டோமே, அந்தப் பிரிவுதான் எனக்கும் அம்மாவுக்கும் நல்ல நேரமாகியது. அம்மா தான் படித்த பள்ளிக்கூடப் பக்கத்தையும், தகப்பன் மரக்கறி வாங்கிய சந்தைப் பக்கத்தையும் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். காருக்குள் ஐந்து பேரும் வழி தேடும்போது அந்தக் கதை ஒன்றும் வரவில்லை.

ஐந்து பேரும் ஒன்றாகப் போக வேண்டிய நாளில் செயலியில் ஆறு பேர் போகும் சின்ன வான் கிடைத்தது. தாமரைக் கோபுரத்துக்கு அப்படித்தான் போனோம். மழை பெய்த பின்னேரம் ஒன்றில் அரை மணித்தியாலம் எதுவும் கிடைக்காமல் ஒரு பேக்கரி வாசலில் நின்றோம், அதையும் சொல்ல வேண்டும். தெஹிவளை மிருகக்காட்சிசாலை வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோவில் கிட்ட. உள்ளே ஏற்றமும் இறக்கமும் நிறைய, முழங்கால் நோ உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அம்மா அன்று வீட்டில் நின்றார்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர் பலர் "அங்க வந்து கார் எடுத்து ஓடலாம்தானே" என்று கேட்கிறார்கள். கனடா, ஐரோப்பாப் பக்கம் வலது பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்கே இடது பக்கம் என்பது ஒன்று. அங்கத்தைய அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது, இங்கே செல்லுபடியாகும் அனுமதி எடுக்க வேண்டும் என்பது மற்றது. என் தங்கை குடும்பம் மார்கழியில் ரொறன்ரோவில் இருந்து வருகிறது. அவளுக்கு எழுதிவிட்டேன்: ஸ்டேஷனுக்குக் கிட்ட வீடு எடு, கொழும்புக்குள் கார் வேண்டாம், முன்னேஸ்வரத்துக்கு ஒரு நாள் கார் போதும், அதுவும் இங்கே இருக்கிற ஒருவர் ஓட்டட்டும்.

கடைசி நாளுக்கு முதல் நாள் அம்மாவைத் திரும்பவும் செட்டியார் தெருவுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளவத்தையில் மீற்றர் போடச் சொல்லிப் பிடித்த ஓட்டோ. அந்த அண்ணை தமிழ் கதைத்தார். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில் அம்மா? பழையதோ, புதுசோ?" என்று கேட்டார். கதிரேசன் கோயில் அந்தத் தெருவில் இரண்டு. லொறிகளுக்கு இடையால் வளைந்து போய், வாசலுக்கு நேரே, படியில் இருந்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் இறங்கிவந்து, பின்னால் நின்றவருக்குக் கையைக் காட்டி, அம்மா கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் நிலத்தில் வைக்கும்வரை அப்படியே நின்றார். அம்மா அன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அதே அண்ணை, சொன்னபடி, வந்து நின்றார். அவருடைய இலக்கம் என் போனில் இருக்கிறது. அம்மா அதைத் தன் மருந்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தானே எழுதியும் வைத்திருக்கிறார்.